க்ளிக் கேட்கவில்லை

அத்தியாயம் 9

பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து. சிறைச்சாலைச் சுவரில் இருந்த கடிகாரம் ஒன்பது நாற்பது காட்டியது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தங்கையை வெஸ் பர்டெட் பார்த்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் வரை இதே பிராடாக் கவுண்டிச் சிறைக்குள் ஷெரிஃப்பின் டெபுடி என்ற போலீஸ் சீருடையும் இடுப்பில் துப்பாக்கியுமாக நடமாடியவள் ஷெல்பி. இப்போது ஆரஞ்சு நிறத்தில் தொளதொளவென்று ஒரு உடுப்பு. அதற்குள் பாதி ஆள்தான் மீதி இருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ஓட்ஸ் குடுத்தாங்க."

"அதைச் சாப்பாடுன்னு சொன்னா ஒக்லஹோமா குதிரைங்கல்லாம் சேர்ந்து கேஸ் போட்டுடும்."

ஷெல்பி சிரிக்கவில்லை. வெஸ் பதினைந்து வருடம் ரோடியோ கோமாளியாக இருந்தவன். காளை தூக்கியெறிந்த வீரர்கள் எழுந்து ஓடும்வரை அந்தக் காளைக்கு முன்னால் கூத்தடிப்பது அவன் தொழில். பதினோரு எலும்பு முறிந்த பிறகு அதை விட்டுவிட்டு, துப்பறியும் நெல்டா கிம்ப்ரோவிடம் வண்டி ஓட்டவும் கேமரா தூக்கவும் சேர்ந்தான். வாய் மட்டும் பழைய வேலையிலேயே இருந்தது. பயம் அதிகமானால் அது இன்னும் வேகமாக ஓடும். இன்று காலையிலிருந்து நிற்கவே இல்லை.

"கையெழுத்துப் போட்டுடறேன் அண்ணா," என்றாள் ஷெல்பி.

"எதுக்கு?"

"நான்தான் பண்ணேன்."

வழக்கு இதுதான். ஒரு புதன்கிழமை காலை எட்டு ஐம்பது. டஸ்டின் என்ற விசாரணைக் கைதியைச் சிறையிலிருந்து கோர்ட்டுக்கு அழைத்துப் போனாள் ஷெல்பி. நடைபாதையில், முன்பக்கம் விலங்கு பூட்டிய கையாலேயே அவள் துப்பாக்கியை அவன் உருவிவிட்டான். ஒரே இழுப்பு. கோர்ட் காவலர் க்ளைட், அறுபத்தாறு வயது மனிதர், குறுக்கே வந்து நெஞ்சில் குண்டு வாங்கிச் செத்தார். வாசலைத் தாண்டுவதற்குள் டஸ்டினை மற்ற டெபுடிகள் சுட்டு வீழ்த்தினார்கள். சத்தமில்லாத வீடியோ ஒன்றைத் தவிரச் சாட்சி கிடையாது.

அவள் இடுப்பில் இருந்தது சாதாரண உறை இல்லை, பூட்டு வைத்த ஹோல்ஸ்டர். அதை அணிந்திருப்பவரின் கட்டைவிரல் உள்பக்க விசையை அழுத்தினாலொழிய துப்பாக்கி வெளியே வராது. அப்படியென்றால் அவளேதான் அழுத்திக் கொடுத்தாள் என்றார் அரசு வக்கீல். டஸ்டினும் அவளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரு டான்ஸுக்குச் சேர்ந்து போனவர்கள் என்பது வேறு அவருக்கு வசதியாகப் போயிற்று. கொலைக்கு உடந்தை என்றால் ஆயுள் முழுக்க உள்ளே. கவனக்குறைவு என்று இன்று மதியத்துக்குள் ஒப்புக்கொண்டால் பன்னிரண்டு வருடம்.

"உறையில துப்பாக்கியை வெச்சா 'க்ளிக்'னு ஒரு சத்தம் வரணும்," என்றாள் ஷெல்பி. "அன்னிக்கு வரல. கோர்ட்டுக்கு நேரமாயிடுச்சுன்னு நான் மறுபடி எடுத்து வெச்சுப் பாக்கல. முழுசா உள்ள தள்ளியிருக்க மாட்டேன். அவ்வளவுதான். க்ளைட் தினமும் காலைல எனக்கு ஒரு பெப்பர்மிண்ட் குடுப்பாரு அண்ணா. அன்னிக்கும் குடுத்தாரு."

பேசும்போதே அவள் வலது கை இடுப்புக்குப் போய், இல்லாத துப்பாக்கியை இல்லாத உறைக்குள் அழுத்தியது. கொஞ்சம் விட்டு மறுபடியும் அழுத்தியது. அவளுக்கே அது தெரியவில்லை. வெஸ்ஸுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

வெஸ்ஸின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெல்டா முன்னால் குனிந்தார். அறுபது வயது, ஒல்லி, டல்ஸா போலீஸில் இருபத்தெட்டு வருடம் துப்பறிந்தவர். "க்ளிக் வராத நாள் வேற ஏதாவது உண்டா?"

"இல்ல மேடம். ஆறு வருஷத்துல அன்னிக்கு மட்டும்தான்."

"சரியாப் போச்சு. ஆறு வருஷமா வந்த சத்தம், ஒருத்தர் சாகப்போற அன்னிக்குப் பார்த்து லீவு போட்டிருக்கு." நெல்டா எழுந்தார். "பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் பேனாவைத் தொடாத."

ஒரு நாளைக்கு ஒரு சந்திப்புதான் அனுமதி. இனி வக்கீலோடு பன்னிரண்டு மணிக்குத்தான் அவளைப் பார்க்க முடியும். கோர்ட் நியமித்த அந்த வக்கீல் பக்கத்துக் கட்டடத்தில் வேறு யாருக்காகவோ வாதாடிக்கொண்டிருந்தார்.

வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தியது. வண்டிக்குள் ஏறியதும் நெல்டா ஒரு கை சூரியகாந்தி விதையை வாயில் போட்டுக்கொண்டார்.

"உனக்கு ஒரு ஹோல்ஸ்டர் வாங்கணும் வெஸ்."

"எனக்கா? என்கிட்ட இருக்கிற ஒரே ஆயுதம் நாக்குதான் பாஸ்."

"அதுக்கு ஒரு உறை கிடைச்சா ஊருக்கே நல்லது. வண்டியை எடு."

*

துப்பாக்கிக் கடைக்காரர் வாசலையே அடைக்கும் அளவுக்கு ஆகிருதி. கல்லாவுக்குப் பக்கத்தில் அதே அளவுக்கு ஒரு நாய் படுத்திருந்தது. டெபுடிகள் வைத்திருப்பது மாதிரி துப்பாக்கி, அதற்கு யாரும் பிடுங்க முடியாத உறை வேண்டும் என்றார் நெல்டா.

"யாருக்கு?"

நெல்டா வெஸ்ஸைக் காட்டினார். கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு நாயைப் பார்த்தார். நாய் கண்ணை மூடிக்கொண்டது.

"விலை மலிவா இருக்குன்னு துணி உறை எதையும் தொடாதீங்க," என்றார் அவர். "துப்பாக்கி உள்ள இருக்கும்போது சுடற விசைப்பக்கம் விரல் நுழைய வழியே இருக்கக் கூடாது. ஒரு கையாலேயே எடுக்கவும் வைக்கவும் வரணும். பூட்டு, எடுக்கிற வாக்குல கட்டைவிரல் தானாப் போய் விழற இடத்துல இருக்கணும். வாங்கிட்டுப் போய், குண்டைக் கழட்டிட்டு ஆயிரம் தடவை எடுத்து எடுத்து வைங்க. பூட்டிருக்குன்னு பழகாம விட்டீங்கன்னா, அவசரத்துல திருடனுக்கும் வராது, உங்களுக்கும் வராது."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கிற மாதிரி இருக்கே," என்றான் வெஸ்.

"அதைவிட ஜாஸ்தி பாக்கணும் தம்பி. பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டா வீட்டை விட்டுப் போவா. இது போனா ஆள் சாவான்." சொன்ன பிறகுதான் வெஸ் யாருடைய அண்ணன் என்பது கடைக்காரருக்கு நினைவு வந்தது. முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க," என்று முணுமுணுத்தார்.

"பரவால்ல," என்றான் வெஸ். உள்ளுக்குள் அப்படி இல்லை.

கடைக்காரர் குனிந்து அடுக்கில் தேடினார். "ஷெரிஃப் ஆளுங்க வெச்சிருக்கிற துப்பாக்கின்னா... குழல் அடியில லைட் மாட்டியிருக்குமா, மாட்டாததா?"

விதை மென்றுகொண்டிருந்த நெல்டாவின் தாடை நின்றது. "எதா இருந்தா என்ன?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? முதல்ல கேக்க வேண்டிய கேள்வியே அதுதானே. லைட்டுக்குன்னு செஞ்ச உறையில பூட்டு துப்பாக்கியைப் பிடிக்காது, லைட்டைத்தான் பிடிக்கும். இங்க பாருங்க."

அவர் காலித் துப்பாக்கி ஒன்றை எடுத்தார். குழலுக்கு அடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன டார்ச் லைட். உறைக்குள் வைத்ததும் 'க்ளிக்' என்றது. தலைகீழாகக் கவிழ்த்துப் பலமாக உலுக்கினார். துப்பாக்கி அசையவில்லை. பிறகு லைட்டைக் கழற்றிவிட்டு அதே உறையில் வைத்தார். மேலிருந்து பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் சத்தம் வரவில்லை. கவிழ்த்தார். துப்பாக்கி பொத்தென்று ரப்பர் விரிப்பில் விழுந்தது.

நாய் எழுந்து உட்கார்ந்தது. வெஸ் நெல்டாவின் பக்கம் திரும்பினான்.

"பாஸ். க்ளிக் வரல."

"கேட்டுச்சு," என்றார் நெல்டா. "அதாவது, கேக்கல."

*

பத்து ஐம்பதுக்கு ஷெரிஃப் கேலவேயின் அறையில் அந்த நம்பிக்கை செத்துப்போனது.

"லைட்டா?" என்றார் கேலவே. கவுண்டி போலீஸுக்கே தலைவர். பெரிய மீசை, பெரிய பெல்ட் பக்கிள், நவம்பரில் அந்தப் பதவிக்குத் தேர்தல். "ஆறு வருஷமா என் டெபுடிங்க எல்லார் துப்பாக்கியிலயும் லைட் இருக்கு மேடம். சந்தேகம் இருந்தா நீங்களே சோதிச்சுப் பாருங்க. பத்திரிகைக்காரங்களுக்குக் காட்டினேன், அரசு வக்கீலுக்குக் காட்டினேன். உங்களுக்கும் காட்டறதுல எனக்கென்ன?"

டெபுடி ப்ராடி வந்து நின்றான். இடுப்பில் ஷெல்பியின் ஹோல்ஸ்டர், சாட்சிப் பொருள் சீட்டு தொங்கியது. அவள் துப்பாக்கி மாநிலச் சோதனைக் கூடத்தில் இருந்ததால், உள்ளே இருந்தது அதே மாதிரியான ப்ராடியின் துப்பாக்கி. கூடவே ஆயுத அறைப் பொறுப்பாளர் மெர்ல் வந்தார். ஓய்வு பெறப்போகும் வயது, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, பையில் மூன்று பென்சில் உயரவாரியாக. அவர் யார் கண்ணையும் பார்க்கவில்லை.

அந்த ஊரில் துப்பாக்கியை எடுத்தால் முதலில் காலி என்று காட்டியாக வேண்டும். ப்ராடி உருவி, மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துக் காட்டினான். மெர்ல் உள்ளே சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, "காலி," என்றார். ப்ராடி மறுபடி உறையில் வைத்தான்.

க்ளிக்.

"பிடுங்கு," என்றார் ஷெரிஃப்.

வெஸ் பிடுங்கினான். முதலில் ஒரு கையால், பிறகு இரண்டு கையாலும். பக்கவாட்டில் முறுக்கினான், மேல்நோக்கி வெட்டி இழுத்தான். ப்ராடி அறை முழுக்க இழுபட்டு மேஜையில் மோதினான். துப்பாக்கி இம்மி நகரவில்லை. தங்கையின் பன்னிரண்டு வருடத்தை வெறும் கையால் பெயர்த்துவிடலாம் என்பது போல வெஸ் இழுத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் நெல்டா தோளைத் தொட்டு நிறுத்த வேண்டியிருந்தது. அவன் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்திருந்தது.

"காளையோட மல்லுக்கட்டின கை," என்றார் கேலவே, கிட்டத்தட்ட அன்பாக. "இதுக்கே வரல. டஸ்டினுக்கு எப்படிப்பா வந்துச்சு? பேசாம கையெழுத்துப் போடச் சொல்லு. நாப்பத்தொரு வயசுல வெளிய வந்துடுவா. அதுக்கப்புறமும் வாழ்க்கை இருக்கு."

வெஸ்ஸுக்குக் கிண்டல்கூட வரவில்லை. பதினைந்து வருடத்தில் எந்தக் காளையும் அவன் வாயை இப்படி அடைத்ததில்லை. தரையில் உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. மணி பதினொன்று ஐந்து.

"இன்னொரு தடவை," என்றார் நெல்டா. "இந்தத் தடவை நான் பிடுங்கறேன்."

"உங்க இஷ்டம். மெர்ல், காட்டு."

ப்ராடி துப்பாக்கியை உருவி மெர்லிடம் கொடுத்தான். மெர்ல் அதைத் திறந்து உள்ளே பார்த்தார். "காலி," என்றார். அதோடு திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. துப்பாக்கியை மெல்ல மல்லாத்தி, அடிவயிறு மேலே தெரியும்படி வெஸ்ஸின் முகத்துக்கு நேரே பிடித்தார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

லைட்டின் அடியில் ஊசியால் கீறிய ஒரு எண் இருந்தது. 27.

ஷெல்பிக்கு பேட்ஜ் கிடைத்த நாளில் வெஸ் ஒரு கேக் வாங்கிப் போனான். நீல ஐசிங்கில் 27. 'எனக்கு இருபத்திமூணு வயசுதான், அதுக்குள்ள ஏத்தி விடறியே,' என்று அவள் சண்டை பிடித்தாள். அவள் பேட்ஜ் எண் அது.

"ப்ராடி," என்றான் வெஸ். குரல் அவனுக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. "உன் பேட்ஜ் நம்பர் என்ன?"

"பதினாலு. ஏன்?"

"உன் லைட்ல எதுக்கு என் தங்கச்சி நம்பர் இருக்கு?"

ப்ராடி எட்டிப் பார்த்து அந்த எண்ணைப் படித்தான்.

"மாறியிருக்கும்," என்றார் கேலவே. "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?"

"மாறணும்னா ரெண்டையும் ஒரே சமயத்துல கழட்டியிருக்கணுமே," என்றார் நெல்டா. "ஷெல்பியோட துப்பாக்கி நடைபாதைத் தரையிலேர்ந்து நேரா சீல் வெச்ச பைக்குள்ள போச்சு. அங்கேர்ந்து சோதனைக் கூடம். அவங்க குடுத்த பட்டியலை நான் ஒன்பது தடவை படிச்சேன். துப்பாக்கி ஒண்ணு, குண்டு போடற மேகசின் ஒண்ணு, மிச்சக் குண்டு பதினாலு. எழுதியிருக்கிறதையே படிச்சுக்கிட்டிருந்தேன். எழுதாததைப் பாக்காம விட்டது என் தப்பு. அதுல லைட்டே இல்ல ஷெரிஃப். ஏன்னா அது இங்க இருக்கு."

கேலவேயின் மீசை துடித்தது. "அப்படின்னா அது மெர்லோட அஜாக்கிரதை. ஆயுத அறை அவன் பொறுப்பு."

"மெர்ல் பென்சிலையே உயரவாரியா அடுக்கறவர். வெளிய இருக்கிற டெபுடிங்களைக் கூப்பிட்டு எல்லார் லைட்டையும் திருப்பிப் பாக்கலாமா? மத்ததெல்லாம் சரியா இருக்கும்னு நான் பந்தயம் கட்டறேன். இருபது முப்பது லைட்ல ஒண்ணே ஒண்ணு மாறியிருக்குன்னா, அதுவும் இந்த வேடிக்கைக்குன்னு வர்ற துப்பாக்கியில மாறியிருக்குன்னா, அது அஜாக்கிரதை இல்ல. யாரோ நம்மகிட்ட ஏதோ சொல்ல நினைச்சிருக்காங்க."

மெர்ல் சட்டைப் பையில் கையை விட்டார். பென்சில்களுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன லைட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அடியில் 14.

"வாயை மூடிக்கிட்டு இரு மெர்ல்," என்றார் கேலவே.

"மூணு வாரமா மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்." மெர்லின் குரல் மெல்ல ஆரம்பித்தது. "அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இந்தப் ப்ராடி பர்கர் கடையில வண்டிச் சாவியைத் தொலைச்சுட்டு, மேஜைக்கு அடியில தேடினான். டார்ச் எடுக்கச் சோம்பேறித்தனம். துப்பாக்கியை உருவி அதோட லைட்டைப் போட்டான். குழல் நேரா மேயர் பொண்டாட்டியோட முழங்காலைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. மறுநாள் காலை ஏழரைக்கு ஷெரிஃப் எல்லார் லைட்டையும் கழட்டச் சொன்னாரு. இந்த உறைக்கு லைட் வேணும் சார்னு சொன்னேன். இந்த ஆபீஸை நீ நடத்தறியா, நான் நடத்தறேனான்னாரு. கழட்டிட்டேன். எட்டு அம்பதுக்கு க்ளைட் செத்தாரு. பன்னெண்டு மணிக்கு, அந்த நடைபாதையை இன்னும் கழுவக்கூட இல்ல, எல்லாத்தையும் திருப்பி மாட்டச் சொன்னாரு. மாட்டினேன். பெட்டியில ஒண்ணு மிஞ்சுச்சு. அதுக்குத் துப்பாக்கி இல்ல."

அவர் மூக்கை உறிஞ்சினார். "பென்ஷனுக்கு இன்னும் எட்டு மாசம். வாயைத் திறக்கத் தைரியம் வரல. அதான் அதைக் கொண்டுபோய்க் கண்ணுல படற இடத்துல மாட்டினேன். பதினோரு பேருக்கு இந்த வேடிக்கையைக் காட்டினோம். எல்லாரும் மேல பாத்தாங்க, ஒருத்தரும் அடியில பாக்கல. நான் கோழைதான். இல்லேன்னு சொல்லல."

ப்ராடியின் முகம் வெளுத்திருந்தது. இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. "ஒரு சாவிக்கா?" என்றான் யாரிடமோ.

நெல்டா அவனைத் துப்பாக்கியிலிருந்து லைட்டைக் கழற்றச் சொன்னார். அவன் கழற்றி, காலி என்று காட்டி, உறைக்குள் வைத்து நன்றாக அழுத்தினான். சத்தம் வரவில்லை.

வெஸ் கிழிந்த கையை நீட்டி, இரண்டு விரலால் பிடியைப் பற்றித் தூக்கினான். துப்பாக்கி சும்மா வந்தது.

யாரும் ஷெரிஃப்பைப் பார்க்கவில்லை. அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அரசு வக்கீலை நான் கூப்பிடறேன்," என்று மெர்ல் தொலைபேசியை எடுத்தார். ஷெரிஃப்பின் அனுமதிக்குக் காத்திராமல் எண்ணை அழுத்தினார்.

*

சிறைக் கதவுகள் ஒவ்வொன்றும் அவசரம் தெரியாத கதவுகள். மூன்றாவது கதவு திறக்கும்போது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

கைதிகள் வக்கீலைச் சந்திக்கும் அறையில் ஷெல்பி மேஜை முன்னால் குனிந்திருந்தாள். பேனா காகிதத்தில் இருந்தது. பெயரின் முதல் எழுத்தை எழுதியிருந்தாள்.

"ஷெல்பி." வெஸ்ஸுக்கு மூச்சு இரைத்தது. "அன்னிக்கு உன் துப்பாக்கியில லைட் இருந்துச்சா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல. காலைலயே எல்லார்கிட்டயும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ஏன்?"

"இதை யார்கிட்டயும் சொல்லலயா?"

"யாரும் கேக்கலயே அண்ணா. லைட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நெல்டா அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, விரலிடுக்கிலிருந்து பேனாவை எடுத்து மூடினார். "அந்தப் பூட்டு துப்பாக்கியைப் பிடிக்கிறது இல்லம்மா, லைட்டைப் பிடிக்கிறது. லைட் இல்லாம நீ நூறு தடவை அழுத்தியிருந்தாலும் அந்தச் சத்தம் வந்திருக்காது. மெர்ல் எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

ஷெல்பியின் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அப்ப நான் முழுசாத்தான் தள்ளினேனா?"

"முழுசா," என்றான் வெஸ்.

அவள் அண்ணனைப் பார்த்தாள், நெல்டாவைப் பார்த்தாள், எழுதி நிறுத்திய அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தாள். பிறகு கையை இடுப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு, "க்ளைட்," என்றாள். மூன்று வாரமாகத் தன்னைக் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு, அந்த மனிதருக்காக அழக்கூடத் தனக்குத் தகுதியில்லை என்று இருந்தவள், இப்போது வாய்விட்டு அழுதாள்.

வெஸ் ஒரு ஜோக் தேடினான். கிடைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்தான்.